ஜீபீஏ 3.41, ஜிஆர்ஈ கணிதம் 158: நிதியியல் மாஸ்டர்ஸுக்கு இது காணுமா?

குளக்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருடம் செப்ரெம்பர், ஒக்டோபரில் தொடங்குகிற நிதியியல் மாஸ்டர்ஸ் ஒன்றுக்குப் போட யோசிக்கிறேன். நிலைமையை அப்படியே வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கோ.

வவுனியாப் பல்கலைக்கழகம், வணிகக் கற்கைகள் பீடம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம், ஆங்கிலமூலம். ஜீபீஏ (பாடங்களின் புள்ளிச் சராசரி) 4.0க்கு 3.41, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. உயர்தரம் வர்த்தகப் பிரிவு, தமிழ்மூலம். கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் 14 மாத வேலை. ஐஈஎல்ரிஎஸ் மொத்தம் 6.5: கேட்டல் 7, வாசிப்பு 6.5, எழுத்து 6, பேச்சு 6.5. மேற்படிப்பு அனுமதிக்கான ஜிஆர்ஈ பரீட்சை இன்னும் எழுதவில்லை. அதன் பவர்பிரெப் என்ற இலவச மாதிரிப் பரீட்சையில் கணிதம் 158, மொழி 149 வந்தது.

பிரித்தானியா, ஜேர்மனி இரண்டும் மனதில் இருக்கு. இந்தப் புள்ளியோடு எங்கே கிடைக்கும்? ஜிஆர்ஈயை விட்டு, வணிகப் படிப்புகளுக்கான ஜிமாட் பரீட்சைக்கு மாறினால் நல்லதோ? அல்லது இந்தப் பரீட்சையே கேட்காத இடங்களுக்கு மட்டும் போடுறதோ?

பாலைமரம்

"சான்ஸ் 60 வீதம், 70 வீதம்" என்று எண் சொல்கிறவர்களை விட்டுவிடுங்கோ. அந்தக் கணக்குக்கு வேண்டிய தரவு வெளியில் எவரிடமும் இல்லை. பல்கலைக்கழகங்கள் போடுகிற வகுப்பு விபரம் சேர்ந்தவர்களின் சராசரி மட்டுமே. அதே புள்ளியோடு வந்து மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது அதில் இருக்காது. ஆகவே சராசரியைத் தொட்டுவிட்டால் பாதிக்குப் பாதி என்று நினைக்க முடியாது. நடுவிலுள்ள 80 வீதத்தினரின் வீச்சு என்று போட்டிருந்தால் அதைப் பாருங்கோ. அதன் கீழ் எல்லைக்கும் கீழே நின்றால் புள்ளியைத் தவிர வேறு ஏதோ ஒன்று உங்களைத் தூக்கிவிட வேண்டும்.

நிதியியல் மாஸ்டர்ஸ் என்ற ஒரே பெயருக்குள் நாலு வேறு படிப்பு கிடக்கு. கணக்கியலும் நிதியும் சேர்ந்த எம்எஸ்சி ஒன்று. இதற்குக் கணிதம் அதிகம் தேவையில்லை, பிரித்தானியாவில் பெரும்பாலான இடங்கள் ஜிமாட்டோ ஜிஆர்ஈயோ கேட்பதும் இல்லை. அடுத்தது தனி எம்எஸ்சி பினான்ஸ். இதில் பொருளியல் அளவியல் (எக்கனோமெட்ரிக்ஸ், பொருளியல் தரவைப் புள்ளிவிபர முறையால் ஆராய்வது) ஒரு பாடமாவது வரும், முன்னணி இடங்கள் பரீட்சை கேட்கும். மூன்றாவது குவான்ற் பினான்ஸ், பினான்சியல் எஞ்சினியரிங், அதாவது கணித மாதிரிகளால் நிதியைக் கையாளுகிற படிப்பு. நேரியல் அட்சரகணிதம், பலமாறி நுண்கணிதம், நிகழ்தகவு, பைதன் அல்லது சீ பிளஸ் பிளஸ் இல்லாமல் அங்கே போகவே கூடாது. வர்த்தகப் பிரிவில் வந்த ஒருவருக்கு ஜிஆர்ஈ கணிதம் 170 இருந்தாலும் கதவு திறக்காது, ஏனென்றால் ஜிஆர்ஈ சோதிப்பது சாதாரணதரக் கணிதத்தைத்தான். நாலாவது, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான எம்ஃபின் (மாஸ்டர் ஒஃப் பினான்ஸ்). கேம்பிரிஜ் எம்ஃபின் குறைந்தது இரண்டு வருட நிதித்துறை அனுபவம் கேட்கும். 14 மாதத்தோடு அங்கே போட்டால் விண்ணப்பக் கட்டணம்தான் நட்டம்.

நீங்கள் நிற்பது முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில். எவ்வளவு தூரம் இரண்டாவதுக்குள் போகலாம் என்பதை ஜீபீஏ சொல்லாது, பெறுபேற்றுப் பத்திரத்தில் உள்ள கணிதப் பாடங்கள் சொல்லும். கணிதம், புள்ளிவிபரவியல், செயற்பாட்டு ஆய்வு, பொருளியல் அளவியல், முதலீட்டுப் பகுப்பாய்வு: இந்த ஐந்திலும் என்ன கிரேட், எத்தனை கிரெடிட் என்று இங்கே போடுங்கோ. அதைப் பார்க்காமல் ஜிஆர்ஈ பற்றிப் பேசுவது குளத்தில தண்ணி எவ்வளவு எண்டு பாக்காமல் விதைக்கிற மாதிரி.

ஏ9வீதி

பாலைமரம் சொன்னது சரி. நான் பரீட்சைப் பக்கத்தை மட்டும் பாக்கிறன்.

158 எண்ட எண்ணை முதலில விளங்கிக்கொள்ளுங்கோ. ஜிஆர்ஈயில ஒவ்வொரு பகுதியும் 130 தொடக்கம் 170 வரை. கணிதப் பக்கம் உலகம் முழுக்க எஞ்சினியரிங், கணினிப் பிள்ளையளால நிரம்பிக் கிடக்கிறபடியால் 165 எடுத்தாலும் ஏறத்தாழ மூண்டிலொரு பங்கு ஆக்கள் உங்களுக்குச் சமனாகவோ மேலாகவோ நிப்பினம். 158 அதுக்கும் நல்லாக் கீழ. பரீட்சை கேக்கிற நிதியியல் பாடநெறிக்கு 163இலிருந்து 165 வரை இல்லாமல் போடுறது வீண். மொழி 149 பெரிய குற்றமில்லை, 152, 153 வந்தால் காணும். நிதியியல் ஆக்கள் முதலில பாக்கிறது கணிதத்தை. இரண்டையும் கூட்டி 307 எண்டு எழுதித் திரியிறதால ஒரு பிரயோசனமும் இல்லை.

2023 செப்ரெம்பர் 22இலிருந்து ஜிஆர்ஈ சுருங்கிப் போச்சு. மொத்தம் 1 மணி 58 நிமிடம். கட்டுரை ஒண்டு, மொழி இரண்டு பகுதி, கணிதம் இரண்டு பகுதி. கணிதத்தில முதல் பகுதி 12 கேள்வி 21 நிமிடம், இரண்டாவது 15 கேள்வி 26 நிமிடம். ஒரு கேள்விக்கு 1 நிமிடம் 45 செக்கன் கணக்கில வரும். முக்கியமான சங்கதி, முதல் பகுதியில எப்பிடிச் செய்யிறீங்கள் எண்டதை வைச்சுத்தான் இரண்டாவது பகுதி எவ்வளவு கடினமா வரும் எண்டு தீர்மானிக்கும். முதல் 12இல கனக்கப் பிழை விட்டால் இரண்டாவது பகுதி லேசா வரும். அதை முழுக்கச் சரியாச் செய்தாலும் மேல ஏற ஏலாது. 158இல நிக்கிற கனபேருக்கு நடக்கிறது இதுதான். பழைய மூண்டேமுக்கால் மணித்தியால ஜிஆர்ஈக்கு அச்சடிச்ச புத்தகங்கள் ரவுணில இன்னும் விக்குது. கணிதக் கேள்வியள் பழுதில்லை, ஆனால் நேர அட்டவணையை அதில பாத்துப் பழகாதேங்கோ.

தமிழ்மூலத்தில கணிதம் படிச்ச ஆக்களுக்கு இன்னொரு பொறி இருக்கு. கணக்குத் தெரியும், சொல் தெரியாது. இடை, இடையம், ஆகாரம் எண்டு படிச்சவைக்கு மீன், மீடியன், மோட் எண்டு வந்தால் அரை செக்கன் தடுமாற்றம். நிறைவெண் எண்டது இன்ரிஜர், அதுக்குள்ள பூச்சியமும் மறை எண்களும் அடக்கம், முதன்மை எண் பிரைம், 1 அதில சேராது, மீதி ரிமைண்டர், காரணி பக்ரர், மடங்கு மல்ரிப்பிள், இந்த இரண்டையும் மாத்தி விளங்கினால் கேள்வியே வேற. ஒரு கொப்பியில இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் எழுதி 60, 70 சொல் பழகினால் அதுவே ரெண்டு மூண்டு கேள்வியைக் காப்பாத்தும்.

மற்றப் பிழை, இரண்டு கணியங்களை ஒப்பிடுற கேள்வி வகையில. எக்ஸ் எண்டவுடன நேர் முழு எண் எண்டு நினைச்சு 2, 3 போட்டுப் பாத்துவிட்டு விடை எழுதுறது. பூச்சியம், 1, மறை 1, அரை, மறை அரை, பெரிய எண் ஒண்டு: இந்த ஆறையும் போட்டுப் பாக்கப் பழகுங்கோ. விடை மாறினால் "தீர்மானிக்க ஏலாது" எண்டதுதான் சரி.

இப்ப ஜிமாட். 2024 பெப்ரவரியிலிருந்து புது ஜிமாட் மட்டும்தான் இருக்கு. 205 தொடக்கம் 805 வரை, எல்லாப் புள்ளியும் 5இல முடியும். கணிதம் 21 கேள்வி, மொழி 23, தரவு விளக்கம் 20. ஒவ்வொண்டும் 45 நிமிடம், ஒவ்வொண்டும் 60 தொடக்கம் 90 வரை, மொத்தத்துக்கு மூண்டுக்கும் சம பங்கு. பழைய புள்ளியோட ஒப்பிட்டுக் குழம்பாதேங்கோ: பழைய 700க்குப் புது 645 ஏறத்தாழச் சமன். யூடியூப்பில "700 இல்லாட்டிப் போடாதே" எண்டு சொல்லுறவை பழைய கதை சொல்லீனம்.

உங்களுக்கு ஜிமாட் பொருந்தலாம் எண்டதுக்குக் காரணம் இருக்கு. அதில கேத்திரகணிதம் இல்லை, சொல்வளக் கேள்வி இல்லை, இலக்கணத் திருத்தமும் எடுத்தாச்சு. வாசிச்சு விளங்கிறதும் வாதத்தை ஆராயிறதும்தான் மொழிப் பகுதி. ஜிஆர்ஈயில 149 வந்தது அனேகமாச் சொல்வளத்தால. அது ஆறு மாதத்தில வாற சாமான் இல்லை. தரவு விளக்கப் பகுதியில அட்டவணை, வரைபு, ரெண்டு மூண்டு தாவலில உள்ள தகவலைச் சேத்துப் பாக்கிறது எல்லாம் வரும். கடன் கோப்பு பாக்கிற ஆளுக்கு அது புதுசில்லை. பாதகம் எண்டால், கணிதப் பகுதியில கல்குலேற்றர் தரமாட்டினம், தரவு விளக்கத்தில மட்டும்தான் திரையில வரும். ஜிஆர்ஈயில கணிதத்துக்கும் இருக்கு.

ஊகிச்சு முடிவெடுக்காதேங்கோ. ஜிமாட் உத்தியோகபூர்வத் தளத்தில ரெண்டு மாதிரிப் பரீட்சை இலவசம். ஒண்டை ஞாயிறு காலம்பற, போனை நிப்பாட்டிப்போட்டு முழுசா எழுதுங்கோ. மூண்டு பகுதிப் புள்ளியையும் இங்க போடுங்கோ. மொத்தத்தை மட்டும் போட்டால் ஒண்டும் சொல்ல ஏலாது.

குளக்கட்டு

நன்றி. ஜிமாட் மாதிரியை எழுதிவிட்டு வருகிறேன். அதற்குள் பாலைமரம் கேட்ட கிரேட்டுகள்:

வணிகக் கணிதம் பி மைனஸ், வணிகப் புள்ளிவிபரவியல் பி, செயற்பாட்டு ஆய்வு சி பிளஸ். நிதி முகாமைத்துவம் ஏ மைனஸ், முதலீடும் பிணையங்களும் ஏ, கூட்டிணைவு நிதி ஏ மைனஸ். எல்லாம் மூன்று கிரெடிட். பொருளியல் அளவியல் படிக்கவில்லை. இறுதியாண்டு ஆய்வு ஏ, அதில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் பன்மடங்குப் பிற்செலவு (மல்ரிப்பிள் ரிக்ரெஷன்) செய்தேன்.

ஜேர்மன் கிரேட்டாக 3.41 எவ்வளவு என்று ஒரு முகவர் 2.3 என்கிறார், இன்னொருவர் 1.6 என்கிறார். எது சரி?

பாலைமரம்

இரண்டும் பிழை, நீங்களே போட்டுப் பாருங்கோ. திருத்திய பவேரிய சூத்திரம் இதுதான்: உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். உச்சத்திலிருந்து ஆகக் குறைந்த சித்திப் புள்ளியைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் பிரித்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். உச்சம் 4.0, பட்டம் பெறத் தேவையான ஆகக் குறைந்த ஜீபீஏ 2.0 என்றால் 0.59ஐ 2ஆல் பிரிக்க 0.295, மும்மடங்கு 0.885, ஒன்றைக் கூட்ட 1.885. ஜேர்மனியில் 1.0 ஆகச் சிறந்தது, 4.0 வெறும் சித்தி. 1.9க்கு உட்பட்டது நல்ல நிலை. 2.5க்குக் கீழே எண் வேண்டும் என்று எல்லை வைத்திருக்கிற பாடநெறிகள் உங்களுக்குத் திறந்தே கிடக்கு. ஆனால் சித்திப் புள்ளி 2.0 என்று உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தின் பின்பக்கத்திலோ தனிக் கடிதத்திலோ இருக்கவேண்டும். இல்லையென்றால் அவர்கள் வேறு எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள்.

ஜேர்மனியில் சிக்கல் கிரேட்டில் இல்லை, கிரெடிட்டில் இருக்கிறது. அங்கே "கணிதம், புள்ளிவிபரவியலில் இத்தனை ஈசிரிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட்)" என்று தனியாகக் கேட்பார்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நமது ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம். ஒரு ஈசிரிஎஸ் 25 தொடக்கம் 30 மணித்தியாலம். உங்கள் கணிதப் பக்கம் மூன்று பாடம், ஒன்பது கிரெடிட், 450 மணித்தியாலம். 25ஆல் பிரித்தால் 18, 30ஆல் பிரித்தால் 15. இந்த 50 மணித்தியாலக் கணக்கை யாரும் உங்களுக்காகப் போடமாட்டார்கள். விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் பாடத்தின் பெயர், கிரெடிட், மணித்தியாலம், சுருக்கமான உள்ளடக்கம் என்று அட்டவணை போட்டு, துறைத்தலைவரின் கையொப்பத்தோடு அனுப்புங்கோ. அது இல்லாவிட்டால் சில இடங்களில் 9 கிரெடிட்டை 9 ஈசிரிஎஸ் என்றே எடுத்துவிட்டு "போதாது" என்று திருப்பிவிடுவார்கள். தகுதி இருந்தும் நம்மவர்கள் ஜேர்மனியில் விழுகிற இடம் இதுதான்.

வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்களுக்காகப் பொதுவில் பரிசீலிக்கிற யூனி அசிஸ்ற் ஊடாகப் போடுகிற இடங்களுக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றும் 30. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். விசாவுக்காக வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வைப்பிலிட்டுக் காட்டுகிற முடக்கக் கணக்கு 2024 செப்ரெம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டு இறங்குகிறவர்கள் மறந்துபோகிற தொகை இது. இந்திய யூடியூப்காரர் சொல்கிற ஏபிஎஸ் சான்றிதழ் (கல்வித் தகைமையைச் சரிபார்த்துத் தருவது) இந்திய மாணவருக்கு, நமக்கு இல்லை. அதைத் தேடி அலையவேண்டாம்.

பிரித்தானியாவுக்கு 3.41 இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, நான்கு வருடச் சிறப்புப் பட்டம். அங்கே பொதுவாகக் கேட்கிற வாசல் அதுதான், தாண்டிவிட்டீர்கள். இனிப் பார்க்கப்படுவது வணிகக் கணிதம் பி மைனஸும் செயற்பாட்டு ஆய்வு சி பிளஸும். நிதிப் பாடங்களில் ஏ, கணிதத்தில் பி மைனஸ் என்ற படம் தேர்வுக் குழுவுக்கு ஒரு கேள்வியை எழுப்பும்: முதல் பருவத்திலேயே வருகிற அளவுமுறைப் பாடத்தில் இவர் நிற்பாரா? உங்கள் விஷயத்தில் ஜிஆர்ஈயோ ஜிமாட்டோ செய்யவேண்டிய ஒரே வேலை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது. பரீட்சை கட்டாயம் இல்லாத இடத்துக்கும் நல்ல கணிதப் புள்ளி இருந்தால் அனுப்புங்கோ. 158 என்றால் அனுப்பவேண்டாம். அது சி பிளஸை உறுதிப்படுத்தும் சாட்சியாகிவிடும்.

புள்ளியோடு சேர்த்து, பொருளியல் அளவியல் அடிப்படை ஒன்றும் நேரியல் அட்சரகணிதம் ஒன்றும் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிற இணையப் பாடநெறியாகச் செய்யுங்கோ. இலவசமாக வீடியோ பார்த்தேன் என்று எழுதினால் எடுபடாது. நோக்கக் கடிதத்தில் ஆய்வில் செய்த பிற்செலவை இரண்டு வரியில் எழுதுங்கோ: எத்தனை நிறுவனம், எத்தனை வருடத் தரவு, மாறிகள் எவை, என்ன முடிவு. "சிறுவயதிலிருந்தே நிதியில் ஆர்வம்" என்று தொடங்குகிற கடிதங்களை அவர்கள் நாளுக்கு நூறு பார்க்கிறார்கள். வன்னியில் கடன் பிரிவில் வேலை என்பது அதைவிட நல்ல தொடக்கம். நெல் அறுவடையோடு மீளச்செலுத்தல் எப்படி ஏறி இறங்குகிறது என்று நீங்கள் கண்ணால் காண்கிற விஷயம் லண்டனில் படித்தவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் பெயரோ கிளை இலக்கமோ மட்டும் வேண்டாம்.

ஓமந்தைச்சந்தி

ஐஈஎல்ரிஎஸ் கணக்கை ஒருத்தரும் தொடேல்லை. மொத்தம் 7, ஒவ்வொன்றும் 6.5 என்று கேட்கிற பாடநெறிக்கு எழுத்தை மட்டும் 6.5 ஆக்கினால் காணாது. நாலையும் கூட்டுங்கோ: 7, 6.5, 6.5, 6.5 சேர்ந்து 26.5. நாலால் பிரிக்க 6.625, அது 6.5 ஆகத்தான் மட்டம் தட்டப்படும். கூட்டுத்தொகை 27 வந்து 6.75 ஆனால்தான் 7. ஆகவே எழுத்தில் அரை, வேறொன்றில் அரை. ஆங்கிலமூலம் படித்ததற்குப் பதிவாளர் கடிதம் எடுத்தால் சில இடங்கள் ஐஈஎல்ரிஎஸ்ஸையே விட்டுவிடும், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கோ. பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். திகதியைப் பார்த்தீர்களோ?

அடுத்தது பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு கட்டத்தில், உங்கள் பெயர் மற்றக் கட்டத்தில் இருக்கும். பெறுபேற்றுப் பத்திரத்தில் முதலெழுத்தும் பெயரும் மட்டும். பரீட்சைக்குப் பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடவேண்டும். "ரி எச்" இருக்கிற இடத்தில் வெறும் "ரி" போட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய காசும் வராது. பட்டச் சான்றிதழில் எழுத்து வேறாக இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, ஆங்கிலத்திலேயே எடுத்து வையுங்கோ. கடவுச்சீட்டு இன்னும் இல்லையென்றால் பரீட்சைக்குப் பணம் கட்டமுதல் அதை எடுங்கோ. வவுனியாவில் பிராந்தியக் காரியாலயம் இருக்கு, பத்தரமுல்லைக்கு ஓடத் தேவையில்லை. சான்றிதழ் உறுதிப்படுத்த வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு யாழ்ப்பாணக் கச்சேரியிலும் இருக்கு.

வீட்டிலிருந்து ஜிஆர்ஈ எழுதுற யோசனை இருந்தால் இரண்டு தரம் யோசியுங்கோ. தனியறை, கதவு மூடியிருக்கவேண்டும், கடதாசியில் குறிப்பெழுத விடமாட்டார்கள், சிறு வெள்ளைப்பலகை அல்லது பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்த தாளில்தான் எழுதலாம். கரண்ட் நின்று ரவுட்டர் விழுந்தால் அந்தப் பரீட்சையே போகவும் கூடும். கொழும்பு நிலையத்துக்குப் போகிறதென்றால் முதல்நாளே போய்ப் படுங்கோ. இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே பரீட்சை எழுதுறதால் முதல் பகுதியில் விடுகிற பிழைதான், மேலே ஏ9வீதி சொன்ன மாதிரி, முழுப் புள்ளியையும் தின்னும்.

குளக்கட்டு

ஜிமாட் மாதிரி எழுதினேன். கணிதம் 78, மொழி 77, தரவு விளக்கம் 79. மொத்தம் 565. ஐஈஎல்ரிஎஸ் திகதி இன்னும் 19 மாதம் செல்லும், அது பிரச்சினையில்லை.

ஏ9வீதி

இது ஜிஆர்ஈ 158ஐ விட நல்ல செய்தி. தரவு விளக்கம் 79ஐயும் கணிதம் 79ஐயும் ஒண்டெண்டு நினைக்காதேங்கோ. அந்தப் பகுதியில உலகமே குறைவா எடுக்கிறபடியால் அதே எண்ணுக்குச் சதமானம் (உங்களுக்குக் கீழ எத்தனை வீதம் பேர் நிக்கினம் எண்டது) நல்லா மேல நிக்கும். பெறுபேற்றில மொத்தத்துக்குப் பக்கத்தில ஒவ்வொரு பகுதிக்கும் சதமானம் போட்டிருக்கும், அதைப் பாருங்கோ.

மூண்டையும் கூட்ட 234. கணிதம் 83, மொழி 79, தரவு விளக்கம் 80 எண்டு 242க்கு வந்தால் 615 அளவில நிக்கும். எட்டுப் புள்ளிதான், ஆனால் அதில அஞ்சு கணிதத்தில வரவேணும். 12 கிழமை, வேலைநாளில ஒண்டரை மணித்தியாலம், ஞாயிறு நாலு மணித்தியாலம். முதல் 5 கிழமை கணிதம் மட்டும்: வீதம், விகிதம், வேலை-நேரம், எண்களின் இயல்பு, சமனிலி, நிகழ்தகவு. கல்குலேற்றர் இல்லாத பரீட்சை எண்டபடியால் 2இலிருந்து 20 வரை வர்க்கமும், எட்டிலொண்டு, ஆறிலொண்டு, ஏழிலொண்டு மாதிரிப் பின்னங்களின் வீதமும் நாக்கு நுனியில நிக்கவேணும். வங்கியில நாள் முழுக்க எக்செல்லோட இருக்கிற ஆக்களுக்கு இதுதான் கஷ்டம், கை தானாக் கல்குலேற்றரைத் தேடும்.

பிழைக் கொப்பி ஒண்டு வையுங்கோ. "தெரியாது", "தெரியும் பிழை விட்டது", "நேரம் போச்சு" எண்டு மூண்டு நிரல். மூண்டாவது நிரல் நிறைஞ்சால் இன்னும் கேள்வி செய்யிறதால பலனில்லை, கேள்வியை விடப் பழகவேணும். புது ஜிமாட்டில ஒவ்வொரு பகுதி முடிவிலயும் மூண்டு விடை வரை மாத்தலாம். ஆகவே ரெண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஊகிச்சுப் போட்டு, குறி வைச்சுட்டு நடவுங்கோ. விடை போடாமல் விட்டால்தான் தண்டனை பெரிசு.

இரண்டாவது இலவச மாதிரியை இப்ப தொடாதேங்கோ, 9ஆம் கிழமைக்கு வையுங்கோ. உண்மைப் பரீட்சையில எதிர்பார்த்தது வராட்டி 16 நாள் கழிச்சு மறுபடி எழுதலாம். புள்ளியைப் பாத்தாப் பிறகுதான் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிறது எண்டு தெரிவு செய்யிறது, 48 மணித்தியாலத்துக்குள்ள அஞ்சு இடத்துக்கு இலவசம். அஞ்சு வருடம் செல்லும்.

மடுவெளி

எல்லாரும் வெளிநாட்டையே பேசுறியள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரவில் பிரயோக நிதியியல் எம்எஸ்சி, கொழும்பில் நிதிப் பொருளியல் மாஸ்டர்ஸ், மொறட்டுவையில் நிதிக் கணித எம்எஸ்சி இருக்கே. ஜிமாட்டும் வேண்டாம், முடக்கக் கணக்கும் வேண்டாம். போடமுதல் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது 9ஆம் மட்டமா 10ஆம் மட்டமா என்று பாருங்கோ. 9 என்றால் பாடங்கள் மட்டும், 30 கிரெடிட். 10 என்றால் ஆய்வோடு 60 கிரெடிட். பின்னர் விரிவுரையாளர் ஆகிற யோசனையோ கலாநிதிப் பட்ட யோசனையோ இருந்தால் 10தான் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து வார இறுதி விரிவுரைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்வரவேண்டும் என்பதை மட்டும் மறைக்கமாட்டேன். கொழும்புக் கிளைக்கு இடமாற்றம் கிடைத்தால்தான் அது சரிவரும்.

இன்னொன்று, சீஎப்ஏ (நிதிப் பகுப்பாய்வாளர்களுக்கான தொழில்சார் தகைமை) முதல் மட்டம். 180 கேள்வி, இரண்டு அமர்வு, கொழும்பிலேயே எழுதலாம், செல்லுபடியான கடவுச்சீட்டு கட்டாயம். சித்தியடைந்தால் அளவுமுறைப் பாடத்தைத் தாங்குவார் என்று காட்ட ஜிமாட்டை விடப் பொருத்தமான சாட்சி. ஆனால் 300 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் படித்து எழுதப் போகவேண்டாம். ஜிமாட்டையும் இதையும் ஒரே ஆறு மாதத்துக்குள் அடைக்கவும் வேண்டாம்.

பாலைமரம்

மடுவெளி சொல்வதில் நியாயம் இருக்கு, ஆனால் அது நிதிப் பலத்தைப் பொறுத்தது. பட்டியலை இப்படிப் பிரிப்பேன். பரீட்சை கேட்காத பிரித்தானிய எம்எஸ்சி இரண்டு, கணக்கியலும் நிதியும் சேர்ந்தது. இவை பெரும்பாலும் வந்த ஒழுங்கில் பார்க்கப்படுகிறபடியால் ஒக்டோபர், நவம்பரிலேயே போடுங்கோ, ஏப்ரல் வரை இழுத்தால் இடமும் புலமைப்பரிசிலும் முடிந்துவிடும். ஜேர்மன் அரசுப் பல்கலைக்கழகம் மூன்று, ஈசிரிஎஸ் அட்டவணையோடு. ஜிமாட் 615ஐத் தாண்டினால் மட்டும், பரீட்சை கேட்கிற எம்எஸ்சி பினான்ஸ் ஒன்றோ இரண்டோ. ஒக்ஸ்போர்ட் நிதிப் பொருளியல், எம்ஐரி, பிரின்ஸ்ரன் எல்லாம் இந்தக் கணிதக் கிரேட்டோடு வேண்டாம். நேர்மையாகச் சொல்கிறேன், அது விண்ணப்பக் கட்டணத்தை இரணைமடுக் குளத்தில் கொட்டுகிற மாதிரி.

ஊருக்குள் முகவர்கள் இலவசமாக விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். கமிஷன் தருகிற பல்கலைக்கழகத்தைத்தான் அவர்கள் பட்டியலில் காண்பீர்கள், ஜேர்மன் அரசுப் பல்கலைக்கழகம் அதில் இருக்காது. 2.3, 1.6 என்று இரண்டு எண் வந்ததன் காரணமும் அதுவாக இருக்கலாம்.

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் 70 கிழமை. உங்கள் 14 மாதம் ஏறத்தாழ 60 கிழமை, 2,400. பட்டத்துக்குக் கட்டாயமாகச் செய்த பயிற்சிக்காலம் சேராது. விண்ணப்பிக்கும்போதே இந்த மணித்தியாலம் நிரம்பியிருக்கவேண்டும் என்றபடியால், இன்னும் மூன்று மாதம் அதே வேலையில் நின்றுவிட்டு வருகிற சுற்றுக்குப் போடுங்கோ. முடிந்து இரண்டு வருடம் நாட்டில் நிற்கவேண்டும் என்பதையும் வீட்டாரிடம் இப்பவே சொல்லிவையுங்கோ.

குளக்கட்டு

விளங்குது. கடைசியாக ஒன்று: சிபாரிசுக் கடிதம் இரண்டும் விரிவுரையாளரிடமா, ஒன்று கிளை முகாமையாளரிடமா? முகாமையாளர் "நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ, கையொப்பம் வைக்கிறேன்" என்கிறார்.

ஓமந்தைச்சந்தி

இரண்டும் கல்விசார் என்று கேட்டால் இரண்டும் விரிவுரையாளர்தான். ஒன்று வேலை சார்ந்ததாக இருக்கலாம் என்றால் மட்டும் முகாமையாளர். நீங்கள் எழுதி அவர் கையொப்பம் வைக்கிற வேலை வேண்டாம். நோக்கக் கடிதத்தில் இருக்கிற அதே நடை இதிலும் இருந்தால் வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறிப்பாகக் கொடுங்கோ: எத்தனை கோப்பு, என்ன தொகை வரை, எந்த அறிக்கை. அதைப் பார்த்து அவர் எழுதட்டும்.

விரிவுரையாளர்களில் ஒருவர் ஆய்வு மேற்பார்வையாளர், மற்றவர் முதலீட்டுப் பாடம் எடுத்தவர் என்றால் நல்லது. புள்ளிவிபரவியல் எடுத்தவர் உங்களை நினைவு வைத்திருந்தால் அதைவிட நல்லது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைத்தான் படிவத்தில் போடச் சொல்லுங்கோ, ஜிமெயில் போட்டால் சில இடங்கள் ஏற்காது, சில இடங்கள் திருப்பிக் கேட்டுக் கிழமைகளை இழுக்கும். இணைப்பு ஸ்பாமுக்குள் போய் விழும், அனுப்பிய அன்றே ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோ. பரீட்சைப் பருவத்தில் கேட்டால் ஒரு மாதம் போகும், இப்பவே கேட்டு வையுங்கோ.